கொடியில் காத்திருக்கும் திராட்சை

நாசிக் நகருக்குச் செல்வோரை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். கோதாவரியில் நீராடிப் பஞ்சவடியைக் கண்டு, திரியம்பகேசுவரரைத் தரிசித்துத் திரும்புவோர் முதல் வகையினர். வெங்காயமும் திராட்சையும் கொள்முதல் செய்யச் செல்லும் வணிகர் இரண்டாம் வகையினர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக மூன்றாம் வகையினரும் தோன்றியுள்ளனர். திராட்சைத் தோட்டங்களையும், அத்திராட்சையிலிருந்து ஒயின் வடிக்கும் ஆலைகளையும் காணச் செல்வோர் அவர்கள்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் முதல் வகையினரே மிகுதி. மது என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம் இல்லங்களில் உண்டு. அவர்கள் சுளிப்பதற்குக் காரணமும் உண்டு. எனினும் மது அருந்தாதவரும் கண்டு அறியத்தக்க செய்தி ஒன்று நாசிக் தோட்டங்களில் இருக்கிறது. இனிப்பு ஒயின் என்பது எப்படி இனிப்பாகிறது என்பதே அச்செய்தி. அதை அறிந்தவர் அவ்வினிப்பை மதிக்கவும் செய்வார். அதனிடம் ஏமாறாமலும் இருப்பார்.

மலையேறும் வழி

பம்பாயிலிருந்து நாசிக் ரோடு ஸ்டேஷன் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். காலையில் புறப்படும் தபோவன் எக்ஸ்பிரஸ் முற்பகலில் கொண்டு சேர்த்துவிடும். கசாரா வரையில் சமவெளி; அங்கிருந்து இகத்புரி வரையில் மலைப்பாதை. 37 அடி தூரத்துக்கு 1 அடி உயரம் என்ற கணக்கில் இருப்புப்பாதை ஏறுகிறது. 1865-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை இது. வண்டியின் பின்புறம் வேறு எஞ்சின்களை இணைத்துத் தள்ளிவிடுகிறார்கள். இகத்புரியில் அவை கழன்றுகொள்ளும்போது கடற்கரையின் புழுக்கத்தை நாம் கீழே விட்டு வந்திருப்போம். நாசிக் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் சுட்டாலும், குளிர்கால இரவுகளில் கம்பளி தேவைப்படும்.

திராட்சைக்கு வேண்டுவது இதுதான். பகல் வெயில் பழத்தில் சர்க்கரையைச் சேர்க்கிறது; இரவின் குளிர்ச்சி அதன் புளிப்பைக் காக்கிறது. திண்டோரி, நிபாட் முதலிய தாலுகாக்களில் சாலையின் இரு மருங்கிலும் பந்தல் பந்தலாகத் திராட்சைக் கொடிகள். இவற்றில் பெரும்பகுதி உண்பதற்கான பழமே. நாசிக்கை அடுத்த தேவ்லாலி ஸ்டேஷனிலிருந்து பீகாரில் உள்ள தானாப்பூருக்கு 2020 ஆகஸ்டு 7-ஆம் நாள் புறப்பட்டதே நாட்டின் முதல் கிசான் ரயில் என்பதை நினைத்தால், இப்பகுதியின் விளைச்சல் வளம் விளங்கும்.

ஒயினுக்கான திராட்சை வேறு. அதன் பழம் சிறியது, தோல் தடித்தது, விதை உள்ளது. 1990-களில் ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்காவிலிருந்து திரும்பி, கங்காப்பூர் அணையின் அருகே தம் குடும்ப நிலத்தில் இவ்வகைக் கொடிகளைப் பயிரிட்டார். அவர் தொடங்கிய சூலா ஆலையைப் பின்பற்றி வேறு பல ஆலைகளும் எழுந்தன. 2001-இல் மகாராஷ்டிர அரசு இத்தொழிலை ஊக்குவிக்கத் தனிக்கொள்கை வகுத்தது. இன்று பல விவசாயிகள் ஆலைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஒயின் திராட்சை பயிரிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் கொடிகள் பனிக்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பர் அக்டோபரில் பழம் தரும். நம் நாட்டு வெப்பத்தில் கொடிக்கு உறக்கமே இல்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒரு முறை. மழை ஓயும் தறுவாயில் மற்றொரு முறை. இரண்டாம் கவாத்துக்குப் பின் வரும் குலைகளே ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகின்றன. மேலைநாட்டில் கொடிகள் பனியில் மொட்டையாக நிற்கும் நாட்களில் நாசிக்கில் ஆலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன.

பதநீரும் கள்ளும்

இனிப்பு ஒயினின் இரகசியத்தை அறிய நாம் வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. பனைமரம் அறிந்த தமிழருக்கு அது முன்பே தெரியும். பாளையிலிருந்து சொட்டும் சாறு இனிப்பானது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராகவே நிற்கும். சுண்ணாம்பு இல்லையெனில், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையைத் தின்று சாராயச்சத்தாக மாற்றிவிடும். இனிப்புப் போய் வெறி வந்து சேரும். அதுவே கள்.

திராட்சைச் சாறும் அப்படியே. சாற்றின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் இனிப்பற்ற ஒயின் கிடைக்கிறது. ஏதேனும் ஒரு காரணத்தால் ஈஸ்ட் பாதியில் நின்றுபோனால், மிஞ்சிய சர்க்கரை ஒயினிலேயே தங்குகிறது. அதுவே இனிப்பு ஒயின். சுருங்கக் கூறின், நல்ல இனிப்பு ஒயினில் இனிப்பு இடப்படுவதன்று, எஞ்சுவது.

கணக்கில் விருப்பமுள்ள அன்பர்களுக்காக ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை செலவானால் நூற்றுக்கு 1 பங்கு சாராயச்சத்து உண்டாகும். வழக்கமாக அறுவடை செய்த பழத்தின் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் புளித்தால் சாராயச்சத்து நூற்றுக்கு 13 பங்காகும், இனிப்பு இராது. சாற்றில் 300 கிராம் இருந்து, 12 பங்கு சாராயச்சத்து ஆனதும் புளிப்பை நிறுத்திவிட்டால் செலவானது 204 கிராம். எஞ்சியது 96 கிராம். இந்த 96 கிராம்தான் நாவில் தேனாக இனிக்கிறது.

அப்படியாயின் 220-ஐ 300 ஆக்குவது எப்படி? அங்கேதான் தோட்டக்காரனின் துணிவு தொடங்குகிறது.

மழை வந்தால்?

நாசிக்கில் இனிப்பு ஒயினுக்குப் பெரிதும் பயன்படுவது செனின் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை. பிரான்சு நாட்டின் லோவார் ஆற்றங்கரை அதன் தாயகம். மற்றக் கொடிகளில் அறுவடை முடிந்த பின்னும், சில வரிசைகளில் மட்டும் குலைகளைப் பறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏற ஏறப் பழத்தின் நீர் வற்றுகிறது, தோல் சுருங்குகிறது, பச்சை நிறம் மாறிப் பொன்னிறமாகிறது. சர்க்கரையோ உள்ளேயே தங்கி நிற்கிறது. பாதி பழம், பாதி கிஷ்மிஷ் என்ற நிலையில் பறித்துச் சாறு பிழிகிறார்கள். பின்னறுவடை ஒயின் என்று இதற்குப் பெயர்.

சென்ற மார்ச்சு மாதத்தில் என் மாமனாருடன் திண்டோரிப் பக்கத்தில் இத்தகைய தோட்டம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. மாமனார் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். அவருடைய அண்ணன் தம்பிகள் பன்னீர்த் திராட்சை பயிரிட்டவர்கள். மதுவைத் தொட்டறியாதவர். பஞ்சவடியைத் தரிசிக்க வந்தவரை, திராட்சை என்ற ஒரு சொல்லால் நான் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன்.

தோட்டக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மராத்தியர். நான்கு ஏக்கர் நிலம். ஒரு மூலையில் ஆறு வரிசைகள் மட்டும் பறிக்கப்படாமல் நின்றன. குருவிகள் அணுகாதபடி வலை கட்டியிருந்தார். மாமனார் ஒரு பழத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது முற்றிப் பல நாள் ஆகிவிட்டதே, மாப்பிள்ளை! ஏன் பறிக்கவில்லை என்று கேளுங்கள்" என்றார்.

நான் இந்தியில் கேட்டுச் சொன்னேன். சர்க்கரை ஏறுவதற்காகக் காத்திருப்பதாகத் தோட்டக்காரர் விளக்கினார்.

"நீர் வற்றினால் எடை குறையுமே. விற்பது எடைக்குத்தானே?"

"எடையில் போனதை விலையில் ஈடு செய்கிறார்கள், பாபா. அந்த வாக்குறுதி இல்லாவிட்டால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்."

மாமனார் சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "மழை வந்தால்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் பார்த்த திசையைக் கண்டே தோட்டக்காரர் புரிந்துகொண்டார். "2014" என்று மட்டும் சொன்னார்.

2014 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மகாராஷ்டிரம் எங்கும் பெய்த ஆலங்கட்டி மழையை நம்மில் பலர் செய்தித்தாளில் படித்து மறந்திருப்போம். கோதுமை சாய்ந்தது, திராட்சைப் பந்தல்கள் சிதைந்தன, ஓராண்டு உழைப்பு சில நிமிடங்களில் மண்ணாயிற்று. உரிய காலத்தில் அறுத்தவர்க்கே அக்கதி என்றால், மேலும் சில வாரம் காத்திருப்பவன் நிலை என்ன? மழை பெய்யாவிட்டாலும், ஈரக்காற்று வீசினாலே முற்றிய பழத்தில் அழுகல் பிடித்துவிடும். ஆகவேதான் நான்கு ஏக்கரில் ஆறு வரிசை மட்டும். "முழுத் தோட்டத்தையும் பந்தயம் வைக்க நான் தருமர் அல்லன்" என்று தோட்டக்காரர் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். மொழி அறியாத இரு விவசாயிகள் வரிசை வரிசையாக நடந்து குலைகளைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டதைப் பார்த்து நான் ஒதுங்கி நின்றேன்.

பிற நாடுகளில்

சர்க்கரையைக் கூட்டுவதற்கும் காப்பதற்கும் ஒவ்வொரு நாடும் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வழியைக் கண்டிருக்கிறது. இத்தாலியர் பழத்தைப் பறித்துப் பாயிலும் பரணிலும் உலர்த்திப் பிழிகின்றனர். செர்மனியிலும் கனடாவிலும் உறைபனி வரும்வரை காத்திருக்கின்றனர். சுழிக்குக் கீழே 7, 8 பாகைக் குளிரில், இரவோடு இரவாகப் பறித்துப் பிழிந்தால் நீர் பனிக்கட்டியாய்ப் பின்தங்கும். சர்க்கரைப் பாகு மட்டும் சொட்டும். அங்கேரியின் டோக்காய், பிரான்சின் சோதேர்ன் பகுதிகளில் காலை மூடுபனியும் மாலை வெயிலும் மாறி மாறி வரும். அப்போது ஒருவகைப் பூஞ்சணம் பழத்தோலைத் துளைத்து நீரை வற்றச் செய்கிறது. அழுகலையே அவ்வூரார் உயர்குல அழுகல் என்று பாராட்டுகின்றனர். டோக்காயின் புகழ்பெற்ற அசூ ஒயினில் லிட்டருக்கு 120 கிராமுக்குக் குறையாத சர்க்கரை இருத்தல் வேண்டும் என்பது விதி.

போர்ச்சுகலின் வழி நம் சுண்ணாம்பை நினைவூட்டுவது. சாறு பாதி புளித்த நிலையில் திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுவர். சாராயச்சத்து ஏறியதும் ஈஸ்ட் செயலிழக்கும், இனிப்பு தங்கிவிடும். டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் போர்ட் ஒயின் இத்தகையது. அப்பள்ளத்தாக்கின் எல்லையை 1756-இலேயே அரசு வரையறுத்துவிட்டது. அதே நாட்டைச் சேர்ந்த மதேராத் தீவின் ஒயினுக்கு இந்தியாவோடு ஓர் உறவு உண்டு. கப்பலில் பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்கு ஏற்றிய அவ்வொயின் வெப்பக் கடல்களைக் கடக்கும்போது சூட்டால் பக்குவம் பெற்றுச் சுவை மிகுந்தது. அதை அறிந்தபின், விற்பதற்கன்றிப் பக்குவப்படுத்துவதற்காகவே கப்பலேற்றி, கிழக்கு நாடுகள் வரை அனுப்பித் திரும்பப் பெற்றனர்.

நம் நாட்டுக் கடைகளில் போர்ட் என்ற பெயருடன் மலிவாக விற்கும் சிவப்பு மது டோரோவில் விளைந்தது அன்று. அதற்கும் இதற்கும் பெயரே ஒற்றுமை.

சுவைக்கும் முறை

ஆலைகளில் வருவோருக்குச் சிறு சிறு அளவில் ஒயினைக் கொடுத்துச் சுவைக்கும் முறையைக் கற்பிக்கிறார்கள். விழுங்க விரும்பாதார் உமிழ்வதற்குக் கலம் வைத்திருக்கிறார்கள். அவ்வாறு செய்வது அங்கே இழிவு அன்று. இனிப்பு ஒயின் இறுதியில் வரும். பொன்னிறம், தண்ணீரை விடச் சற்றுக் கனமாகக் கிண்ணத்தின் பக்கங்களில் மெல்ல வழியும். முதலில் முகர வேண்டும். தேன், உலர்ந்த சீமைவாதுமை, பழுத்த மாம்பழம் என்று ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று தோன்றுகிறது. மாமனாரும் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். "எங்கள் ஊரில் கடைசி வண்டி ஏற்றிய பிறகு கொட்டகையில் இந்த மணம் இருக்கும்" என்று கூறித் திருப்பித் தந்துவிட்டார். ஆலையின் பணியாளர் இதைவிட நல்ல விளக்கம் தரவில்லை.

இனிப்பு மட்டும் இருந்தால் ஒயின் திகட்டிவிடும். பானகத்தில் வெல்லத்தோடு எலுமிச்சையோ புளியோ சேர்ப்பது எதற்காக? புளிப்பு இருந்தால்தான் இனிப்பு எழுந்து நிற்கும். செனின் பிளாங்க் இயல்பாகவே புளிப்பு மிக்க திராட்சை. ஆதலால்தான் பின்னறுவடைக்கு அது ஏற்றது. நல்ல இனிப்பு ஒயினுக்கு இதுவே சோதனை: முதலில் இனித்து, முடிவில் நாவைத் தெளிவாக விட வேண்டும். பிசுபிசுப்பு மட்டும் எஞ்சினால் அது நல்லதன்று.

குளிர்ச்சியாக, 8 முதல் 10 பாகையில், சிறு கிண்ணத்தில் 60 மில்லிலிட்டர் அளவே பரிமாறுவது மரபு. உடன் உண்ணும் பண்டம் ஒயினைவிட இனிப்பாக இருத்தல் கூடாது. அல்வா தின்றபின் காப்பி குடித்தால் சர்க்கரை போடாதது போலத் தோன்றுமல்லவா? மைசூர்பாகின் முன் ஒயினுக்கும் அதே கதி. உப்பிட்ட முந்திரி, பாலாடைக்கட்டி, அதிக இனிப்பில்லாத பழம் ஆகியவை பொருந்தும். மிளகு தூவிய வறுவலும் பொருந்துகிறது. காரத்தை இனிப்புத் தணிக்கிறது.

இனிப்பும் எச்சரிக்கையும்

இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்லாவிட்டால் கடமை தவறியவனாவேன். இனிப்பு ஒயின் மது அல்ல, டானிக் என்ற எண்ணம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு, வயதானவருக்கு உறக்கம், காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கு இரத்தம் என்று கோவா சென்று வருவோர் ஒரு சீசா வாங்கி வந்து சமையலறை அலமாரியில் வைக்கின்றனர். சாராயம் என்றால் தொடாத தாய்மார், இனிக்கிறது என்பதற்காக அதைக் குழந்தைக்கும் ஒரு தேக்கரண்டி புகட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

முன் சொன்ன கணக்கை மீண்டும் பாருங்கள். நூற்றுக்கு 12 பங்கு சாராயச்சத்து அந்த இனிப்புக்குள் மறைந்திருக்கிறது. சாராயம் கலந்த போர்ட் ஆனால் 19 முதல் 22 பங்கு வரை. சிறு கிண்ணம் ஒன்றில் 6 கிராம் அளவு சர்க்கரையும், ஏறக்குறைய அதே எடைச் சாராயச்சத்தும் உள்ளன. நீரிழிவு உள்ளவர்க்கு இரண்டும் கேடு. பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் இதில் மருந்து ஒன்றும் இல்லை. எந்த அளவு மதுவும் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாக அறிவித்துள்ளது. கசப்பான மது தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். இனிப்பான மது காட்டிக் கொடுக்காது. ஆகவே அருந்துவோரும் இனிப்பானதை அளந்தே அருந்த வேண்டும்.

ரயிலில் திரும்புவோர்க்கு ஒரு சொல். வண்டியிலோ ஸ்டேஷனிலோ குடிபோதையில் இருப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தின் 145-ஆம் பிரிவின்படி குற்றம். மதுவிலக்கு உள்ள குஜராத்துக்கும் பீகாருக்கும் சீசாவை எடுத்துச் செல்வது பெருந்தொல்லையில் முடியும்.

நமக்கும் இது புதிதன்று

திராட்சை மது தமிழருக்கு அயலானது என்று எண்ண வேண்டா. யவனர் கொணர்ந்த மணமிக்க மதுவை நாள்தோறும் பொற்கலத்தில் பருகி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் காணலாம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, கடல் கடந்து மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இரண்டும் நம்முடைய செல்வமே. கம்பத்தின் பன்னீர்த் திராட்சை கூட மஸ்கட் என்னும் மேலைநாட்டுக் குலத்தைச் சேர்ந்தது. உலகின் பல இனிப்பு ஒயின்களுக்கு உரிய குலம் அது. நாம் அதைக் கூடையில் விற்றோம். அவர்கள் பீப்பாயில் வடித்தார்கள். அவ்வளவே வேறுபாடு.

நாசிக் செல்வோர் ஜனவரி முதல் மார்ச்சு வரையில் சென்றால் கொடிகளில் பழத்தையும் ஆலையில் வேலையையும் ஒருங்கே காணலாம். சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகுதி. மற்ற நாட்களே நல்லவை. கோதாவரியில் காலை நீராடிப் பிற்பகலில் தோட்டம் பார்ப்பது இயலும். அருந்தாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை; உலர்ந்த திராட்சை ஒரு பொட்டலம் வாங்கி வரலாம். வெயிலில் காத்திருந்த பழத்தின் இனிப்பு அதிலும் இருக்கிறது. இனி, மார்ச்சு மாதத்தில் நாசிக்கில் மழை என்று செய்தி வந்தால், பறிக்காமல் நிற்கும் அந்த ஆறு வரிசைகளை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.